கேட்டைத் தாண்டாத கோழிகள்

முட்டை சாப்பிடாதவர்கள் கோழி வளர்க்கப் போகக் கூடாது. இதை யாருக்கும் புத்திமதியாகச் சொல்லவில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் என்ற ஒரே தகுதியில் சொல்கிறேன்.

அந்த வீட்டில் இருந்த வருஷங்கள் முழுக்க என் நாள் ஒரு கூட்டின் கதவில் தொடங்கி அதே கதவில் முடிந்தது. விடியும்போது திறக்க வேண்டும், தாமதமானால் உள்ளே ரகளை. அந்தியில் அத்தனையும் ஏறிவிட்டதா என்று குனிந்து பார்த்துத் தாழ்ப்பாள் போட வேண்டும், மறந்தால் மரநாய் வரும். நடுவில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், அந்திக்குள் திரும்பினால் சரி. எப்போதாவது ஒரு பஸ் வரும் பொன்முடி ரோட்டில் காத்து நின்றவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட சுதந்திரம் என்று தெரியும். கல்யாணத்துக்குப் போனால் இலைக்குப் பாயசம் வருவதற்கு முன் எழுந்திருப்பேன். நானும் என் கணவரும் சேர்ந்து ஒரே பஸ்ஸில் ஏறி எங்கேயும் போனதில்லை. ஒருவர் போனால் மற்றவர் காவல்.

நாங்கள் நகரத்துக்குள் வலியசாலைத் தெருக்காரர்கள். நான் பிறந்ததும் அந்தத் தெருவில், வாழ்க்கைப்பட்டதும் அதே தெருவில்தான். வாசலில் நின்றால் கோயில் மணி கேட்கும். எதிர்வீட்டில் என்ன தாளிக்கிறார்கள் என்று இங்கிருந்தே சொல்லிவிடலாம். என் கணவர் ஆரியசாலையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்குப் பார்த்தார். ஆயுசு பூராவும் மிளகாய் வத்தல் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து தும்மிய மனிதர். ஓய்வு பெற்றதும், இருந்த வீட்டை விற்றுவிட்டு, நெடுமங்காடு தாண்டி ரோட்டிலிருந்து இறங்கும் ஒரு சரிவில் ஓட்டு வீட்டோடு கொஞ்சம் நிலம் வாங்கினார். நல்ல காற்று, நம் கையால் போட்ட காய்கறி என்று அவர் சொன்னபோது எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது. மகன் வெளிநாட்டில் இருக்கிறான், இரண்டு பேருக்கு எதற்குத் தெருவில் அத்தனை பெரிய வீடு என்று நானும் தலையாட்டினேன்.

முதலில் காய்கறிப் பேச்சு மட்டும்தான். பந்தல் போட்டுப் பயறு, பக்கத்தில் வெண்டையும் கத்திரியும், கிணற்றடியில் கீரை, சரிவின் அடியில் மரச்சீனிக் கிழங்கும் சேனையும். மண் சத்தில்லாத மண், கோழி எரு போட்டால்தான் தேறும் என்று வந்தவர் போனவர் எல்லோரும் சொன்னார்கள். எருவை மூட்டையாக வாங்கலாம். ஆனால் பண்ணைக் கோழிக்கு என்னென்ன மருந்து கொடுக்கிறார்களோ, அதெல்லாம் நம் கீரையில் வந்து சேரும் என்று அவருக்குப் பயம். நாமே நாலு கோழி வளர்த்தால் என்ன என்று ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். எங்கள் வீடுகளில் முட்டையைக் கையால் தொட்டவர்கள் கிடையாது.

அவர் விடவில்லை. நாம் சாப்பிடப் போவதில்லையே, முட்டையை விற்றுவிடலாம், எரு நமக்கு என்று மெல்ல மெல்ல அரித்தார். கடைசியில் நான் இறங்கி வந்தேன். வெறுமனே இறங்கி வந்திருந்தால் பரவாயில்லை. ஒரு நிபந்தனை போட்டேன். இந்த வீட்டுக் கேட்டைத் தாண்டி ஒரு கோழிகூடக் கழுத்தறுபடப் போகக் கூடாது. விற்கவும் கூடாது, யாருக்கும் கொடுக்கவும் கூடாது. வாயால் சொன்னால் போதாது என்று விளக்கை ஏற்றி வைத்து அதன் முன்னால் நிற்க வைத்துச் சொல்லச் சொன்னேன். அவரும் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றைக்கு எனக்கு என்னைப் பற்றியே பெருமை தாங்கவில்லை.

நாங்கள் செய்த தப்பு இதுதான். தென்னை காய்க்கிற மாதிரி கோழியும் சாகிற வரைக்கும் முட்டையிடும் என்று நினைத்தோம். இரண்டு பேரில் ஒருவருக்காவது சந்தேகம் வந்திருந்தால் யாரையாவது கேட்டிருப்போம். கோழியைப் பற்றிப் பேசவே கூசிய ஜென்மங்களுக்கு எங்கிருந்து சந்தேகம் வரும்?

முதல் இரண்டு வருஷம் குறை சொல்ல முடியாது. குஞ்சுகளாக வந்தவை பெரிதாகி முட்டையிட ஆரம்பித்தன. முதல் முட்டையை நான்தான் எடுத்தேன், சூடாக இருந்தது. ஒரு பழந்துணியால் சுற்றித்தான் எடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு துணி போயிற்று, கூச்சமும் போயிற்று. சுற்று வட்டாரத்தில் பாதிப் பேர் எங்களிடம்தான் முட்டை வாங்கினார்கள். பயறு பந்தல் தெரியாமல் காய்த்தது. பை பையாக வலியசாலைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கோழி எருவில் விளைந்தது என்று மட்டும் சொல்லவில்லை, சொன்னால் பாதிப் பேர் வாங்கியிருக்க மாட்டார்கள்.

நடுவில் ஒரு பெட்டைக் கோழி காணாமல் போயிற்று. கீரி கொண்டுபோய்விட்டது என்று இரண்டு நாள் சோறு இறங்கவில்லை எனக்கு. சில வாரம் கழித்து, சேனை இலைகளுக்கு அடியிலிருந்து ஒரு பட்டாளம் குஞ்சுகளோடு அது நடந்து வந்தது. நான் கைகொட்டிச் சிரித்தேன். அதில் பாதி சேவல்கள் என்பதும், சேவல்கள் வளர்ந்தால் ஒன்றை ஒன்று ரத்தம் வரக் கொத்தும் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அவற்றுக்குத் தனிக்கூடு கட்டினோம். அதற்கும் ஒரு கதவு, அதற்கும் ஒரு தாழ்ப்பாள்.

அதற்கப்புறம் முட்டை குறைந்தது. தீவனத்தை மாற்றினோம், சிப்பியைப் பொடித்துப் போட்டோம், கூட்டுக்கு வேறு கூரை போட்டோம். ஒன்றும் ஆகவில்லை. பக்கத்துத் தோட்டத்து டீச்சரிடம் ஒருநாள் சொல்லி அங்கலாய்த்தேன். பாறசாலைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர், பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று ரப்பரும் கோழியுமாக இருப்பவர், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் வழியில் எங்களிடம் கீரை வாங்கிப் போவார். நான் சொன்னதைக் கேட்டு, வயசான கோழி பின்னே முட்டையா இடும் மாமி, அதையெல்லாம் கறி வைக்கதுக்குக் கொடுத்துட்டுப் புதுசு வாங்குவாங்க என்றார். நாங்கள் கொடுக்க மாட்டோம் என்றேன். அப்படியென்றால் இன்னும் எத்தனையோ வருஷம் இது இருக்குமே, நன்றாகப் பார்த்துக்கொண்டால் சீக்கிரம் சாகாதே என்றார். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து அது தோட்டமில்லை, முதியோர் இல்லம். ஒன்றுக்குக் கால் இழுக்கும், ஒன்றுக்கு ஒரு கண் தெரியாது. இன்னொன்று தண்ணீர்த் தொட்டியில் விழுந்துவிடும், கூடவே நிற்க வேண்டும். முட்டையில்லாவிட்டாலும் தீனி தின்னும், கீரைப் பாத்தியைக் கிளறும். வேலியைத் தாண்டிப் போய் டீச்சர் வீட்டுச் சேம்புப் பாத்தியைக் கிளறிவிட்டு வரும். மிச்சமிருந்ததைக் காட்டுப் பன்றியும் குரங்கும் பங்கு போட்டுக்கொண்டன. கோழி வாங்குகிறவன் பைக்கில் கூண்டைக் கட்டிக்கொண்டு ஹாரன் அடித்தபடி ரோட்டில் போவான். ஒருதரம் கேட்டருகில் நிறுத்தி வயசுக் கோழி உண்டோ என்று கேட்டான். நான் பார்த்த பார்வையில் அவன் அதற்கப்புறம் எங்கள் கேட்டைத் தாண்டும்வரை ஹாரன் அடிப்பதில்லை.

சாப்பிடுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர்கள் வளர்க்கிறார்கள், வெட்டுகிறார்கள், அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள். எங்களை மாதிரி அல்லாடவில்லை.

என் முழங்கால் கெட்டுப்போனது அந்தச் சரிவில்தான். கூட்டுக்கு இறங்கி வீட்டுக்கு ஏறுவதற்குள் நடுவில் பலா மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். மழைக்காலத்தில் அந்தப் பாதையில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியிருக்கிறேன். பேச ஆளில்லை. அவர் பகலெல்லாம் பயறுப் பந்தலுக்கு அடியில், சாயங்காலம் டிவிக்கு முன்னால். எனக்குத் தெருவுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்ற ஆசை பசி மாதிரி வந்துகொண்டே இருந்தது. சமதரையில் நாலு அடி நடக்க வேண்டும். தரிசனத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது நாலு வாசலில் நின்று வம்பு பேச வேண்டும். இவ்வளவுதான் கேட்டேன். இதைக்கூட நான் அவரிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. நிலம் அவர் ஆசைப்பட்டு வாங்கினது. என் சத்தியம் வேறு குறுக்கே கிடக்கிறது. எந்த முகத்தோடு சொல்வது?

அப்போதுதான் என் தம்பி ஃபோன் செய்தான். வலியசாலையில் அவன் வீட்டுக் கீழ்ப்பகுதி காலியாகிறது. படியே ஏற வேண்டாம், நீங்கள் வருவதானால் சித்திரை விஷு வரைக்கும் வைத்திருப்பேன், அதற்கு மேல் முடியாது, வேறு ஒரு குடும்பம் கேட்கிறது என்றான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அவரும் கேட்டார். எழுந்து போய் வெண்டைக்குத் தண்ணீர் விட்டார். சாயங்காலம் வந்து, கோழிக்கு ஒரு வழி பண்ணினா போகலாம் என்று மட்டும் சொன்னார்.

ஒரு வழி தேட ஆரம்பித்தோம். தெருநாய்களை வைத்துப் பராமரிக்கும் ஓர் இடத்துக்கு ஃபோன் செய்தேன், கோழியா என்று கேட்டு எடுத்த பெண் சிரித்துவிட்டாள். பசுக்களைக் காப்பாற்றுகிற இடத்தில் பசு மட்டும்தான். கோயிலுக்கு நேர்ந்து விடலாமே என்றார் ஒருவர். நேர்ந்துவிட்ட சேவல் ஏலத்துக்குப் போய் எங்கே முடியும் என்று எனக்குத் தெரியாதா? பொன்முடிக் காட்டில் கொண்டுவிடலாமா என்று என் கணவரே ஒருநாள் கேட்டுவிட்டு, அந்திக்குள் ஒன்றும் மிச்சமிருக்காது என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். நம் கையால் வெட்டாமல் காட்டு மிருகங்களைக் கொண்டு கொல்ல வைப்பது, அவ்வளவுதான்.

டீச்சர்தான் நேராகச் சொன்னார். நான் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் நிம்மதியாகப் போங்கள் என்றார். வளர்ப்பீர்களா என்று கேட்டேன்.

"மாமி, நான் உங்ககிட்டே கள்ளம் சொல்ல மாட்டேன், கேட்டீங்களா? கொஞ்ச நாளு வளத்துவேன். பின்னே பிள்ளைங்க வருவாங்க, கிறிஸ்மஸ் வரும். அப்போ என்ன செய்யதுக்கு?"

அந்த அம்மாள் பொய் சொல்லியிருக்கலாம் என்று எனக்குக் கோபம் வந்தது. வளர்ப்பேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பின மாதிரி இருந்து, மூட்டையைக் கட்டியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்க்காமல், சத்தியம் உனக்குப் பண்ணினது, நீ ஒரு வார்த்தை சொன்னா மதி, அது போதும் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் ஏன் சொல்ல வேண்டும்? சொன்னால் அந்தப் பாவம் என் தலையில், அவர் சுத்தமாகக் கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவார். நான் இல்லாதபோது அவராகக் கொடுத்துவிட்டால் என்ன? அதற்கு வசதியும் செய்து கொடுத்தேன். மாமா பேத்திக்குச் சீமந்தம் என்று ஒரு நாள் முழுக்கப் போனேன். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கேட்டுக்கு வந்தேன். கேட்டைத் திறந்தால் அத்தனையும் அங்கேயே நிற்கிறது. அவர் பயறுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் மறுபடியும் போனேன். மறுபடியும் அதேதான்.

விஷு நெருங்கியது. தினமும் கூட்டைத் திறக்கும்போது, இன்றைக்கு எது செத்துக் கிடக்கும் என்று எண்ணியபடி திறக்க ஆரம்பித்தேன். பயந்துகொண்டு அல்ல, ஆசையோடு. ஒன்று செத்தால் ஒன்று குறையும். சாகக் கூடாது என்று சத்தியம் வாங்கினவள் எப்போது சாகும் என்று கூட்டுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவை எல்லாம் திடமாக வெளியே வந்தன. சிறகை உதறிக்கொண்டு என் காலைச் சுற்றின. எனக்கு அவற்றின் மேலேயே வெறுப்பு வந்தது.

தம்பி கடைசியாக ஒருதரம் கூப்பிட்டு, அந்தக் குடும்பம் முன்பணத்தோடு வந்து நிற்கிறது, நாளை மறுநாளைக்குள் சொல் என்றான். அன்றே போய் டீச்சரிடம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். விடிந்ததும் வருகிறேன், கூட்டுக்குள்ளேயே இருக்கட்டும், திறந்துவிடாதீர்கள், அப்போதுதான் பிடிக்கச் சௌகரியம் என்றார். கணவரிடம் இரவு படுக்கும்போது சொன்னேன். சரி என்றார்.

காலையில் நான் கூட்டைத் திறந்துவிட்டேன். பழக்கதோஷம் என்று சொன்னால் பொய். நன்றாகத் தெரிந்தே போய்த் தாழ்ப்பாளை எடுத்தேன்.

டீச்சர் கூடைகளோடு வந்தபோது சரிவு முழுக்கக் கோழி. கூடைகளைக் கொண்டுபோக மேலே ரோட்டில் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. அவர் என்னையும் பார்த்தார், கோழிகளையும் பார்த்தார். சாயங்காலம் அதுங்களே ஏறுமே மாமி, நான் அப்போ வாறேன், வேண்டாம்னா ஃபோன் பண்ணுங்க என்றார். கூடைகளைக் கிணற்றடியில் சாய்த்து வைத்து, ஆட்டோவை அனுப்பிவிட்டு நடந்தே திரும்பிப் போனார்.

என் கணவர் இதையெல்லாம் பின்கட்டுப் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் போனதும் அப்படியே படியில் உட்கார்ந்தார். கோபித்துக்கொள்வார், பேசாமல் டிவியைப் போடுவார் என்று நினைத்தேன்.

"எனக்கு இங்கே மதியாயிடுத்து டீ," என்றார். "முடியலை."

எனக்கு முதலில் காதில் ஏறவில்லை. இந்த மண்ணும் பந்தலும் அவருடைய உயிர் என்று வருஷக்கணக்காக நினைத்துக்கொண்டிருக்கிறேன். எப்போதிலிருந்து என்று கேட்டேன். இரண்டாவது வருஷ மழையில் வரப்பு உடைந்து பாத்தியெல்லாம் அடித்துக்கொண்டு போனதே, அன்றிலிருந்து என்றார். அன்றிலிருந்தே திரும்பிப் போக வேண்டும் என்று இருந்திருக்கிறது. சரிவில் இரண்டு தடவை தலைசுற்றி விழுந்திருக்கிறார். சட்டை மண்ணைக் காட்டி நான் கேட்டதற்கு, கயிறு கட்டும்போது ஒட்டினது என்று சொல்லியிருக்கிறார். நானும் சோப்புப் போட்டுத் துவைத்து உலர்த்தியிருக்கிறேன்.

"பின்னே ஏன் சொல்லலை?" என்றேன். "நான் வேணும்னே ரெண்டு தடவை போனேனே, அப்போ நீங்களே கொடுத்திருக்கப்படாதா? ரெண்டு நாள் கத்திட்டு விட்டிருப்பேனே."

"நீ கத்தியிருக்க மாட்டே. பேசாம இருந்துடுவே. கடைசி வரைக்கும் பேசாம இருந்துடுவே. அதுக்கு இந்தக் கோழியே தேவலைன்னு இருந்தேன்," என்றார்.

அவர் சொன்னது உண்மை. அப்படித்தான் இருந்திருப்பேன். நான் அவருடைய ஆசைக்குள் அடைபட்டுக் கிடக்கிறேன் என்று இத்தனை நாளும் உள்ளுக்குள் புழுங்கினேன். அவர் என் சத்தியத்துக்குள் கிடந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் பரிதாபமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. உள்ளே போய் அழுதுவிட்டு வந்து சோறு வடித்தேன்.

அன்றைய பகல் மாதிரி நீண்ட பகலை நான் பார்த்ததில்லை. கோழிகள் வழக்கம்போலத் திரிந்தன. கீரைப் பாத்தியைக் கிளறியபோது நான் விரட்டவில்லை, கிளறட்டும் என்று விட்டுவிட்டேன். தீனியை இரண்டு பங்காகப் போட்டேன். டீச்சருக்கு ஃபோன் செய்ய எத்தனையோ தடவை எடுத்து எடுத்து வைத்தேன். என் கணவர் மத்தியானம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. எட்டிப் பார்த்தால் கண்ணைத் திறந்துகொண்டுதான் கிடந்தார். போகலாமா, இருக்கலாமா என்று என்னைக் கேட்கக்கூட அவருக்குத் தெம்பில்லை.

வெயில் இறங்கியதும் ஒவ்வொன்றாகக் கூட்டுக்கு வந்தன. யாரும் விரட்ட வேண்டாம், யாரும் கூப்பிட வேண்டாம், வெளிச்சம் குறைந்தால் தானாக வந்துவிடும். எங்கேயாவது ஓடிப் போய்த் தொலையக் கூடாதா என்று கூட்டுக்குப் பக்கத்தில் நின்று நினைத்தேன். கால் இழுக்கிறது கடைசியாக வந்து ஏறியது. தாழ்ப்பாளைப் போட்டேன்.

டீச்சர் வந்தார். மாமி, நீங்க உள்ளே போங்க, பார்க்க வேண்டாம், நான் பிடிச்சுக்கறேன் என்று மெதுவாகச் சொன்னார். நான் போகவில்லை. இது என் வாயால் வந்த வினை, என் கையாலேயே முடியட்டும் என்று பட்டது. குனிந்து கூட்டுக்குள் நுழைந்தேன். முழங்கால் வலி அப்போது தெரியவில்லை. என் கணவர் பயறுப் பந்தலடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

கழியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து வாசல் வழியாக நீட்டினேன், டீச்சர் வாங்கிக் கூடையில் வைத்தார். தெரியாத கை பட்டால் ஊரைக் கூட்டிவிடும் கோழிகள் அவை. அன்றைக்கு ஒன்றுகூடக் கத்தவில்லை. என் கைதானே என்று, பாதித் தூக்கத்தில், உடம்பைத் தளர்த்திக்கொண்டு வந்தன. ஒன்றே ஒன்று கத்தியிருந்தாலும் நான் நிறுத்தியிருப்பேன்.